அறிவின் அளவுகோலும் சாதியின் அளவுகோலும்: உளவியலறிஞர் ஜே. பி. தாஸின் வாழ்வும் பணியும்

1921ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் ஏடு ஒன்றில் ஒரு சிறு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் தென்னிந்தியாவில் மிஷனெரியாகப் பணியாற்றிய டி. எஸ். ஹெரிக். பிராமணச் சிறுவரையும், அக்கால வழக்கில் பஞ்சமர் எனப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களின் சிறுவரையும் தம்முள் ஒப்பிடுவதும், பின்பு அவ்விரு சாராரையும் அமெரிக்கச் சிறுவரோடு ஒப்பிடுவதும் கட்டுரையின் நோக்கம் என்பதை அதன் நீண்ட தலைப்பே அறிவிக்கின்றது. ஒப்பீட்டுக்குக் கருவியாயிருந்தது ஒரு மரப்பலகை. வட்டம், சதுரம், சிலுவை, நட்சத்திரம் போன்ற பத்து வடிவங்கள் அதில் குழிகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்குரிய மரத்துண்டுகளைக் குழந்தை எத்தனை வினாடிகளில் தத்தம் குழியில் பொருத்துகின்றது என்று கடிகாரம் கொண்டு கணக்கிடுவர். மொழி வேண்டாத சோதனையாதலின் எந்நாட்டுக் குழந்தைக்கும் அது பொருந்தும் என்று அந்நாளில் நம்பினர்.

திருச்சபை வரலாறு கற்போர் இக்கட்டுரையை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் மிஷன் பள்ளிகளைப்பற்றி நாம் வழக்கமாகச் சொல்லும் வரலாறு வேறு. நாம் பணிபுரியும் காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளி 1839ஆம் ஆண்டிலிருந்து நடைபெற்று வருகின்றது. அதற்குப் பெயர் தந்த ஸ்காத்லாந்து அருட்பணியாளர் ஜான் ஆண்டர்சன் 1837இல் சென்னையில் தொடங்கிய பள்ளியே பிற்காலத்தில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அச்சென்னைப் பள்ளியில் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர் சிலர் சேர்ந்திருப்பது தெரியவந்தபோது உயர்சாதி மாணவர் பலர் வெளியேறினர். பள்ளியே குலைந்துபோகும் நிலை. எனினும் அச்சிறுவரை நீக்க ஆண்டர்சன் உடன்படவில்லை. இந்நிகழ்ச்சியை நாம் பெருமையோடு நினைவுகூருகின்றோம், நினைவுகூரத் தக்கதுதான். ஆயினும் ஒரே பெஞ்சில் அமர்த்தப்பட்ட பிள்ளைகளை ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து மரப்பலகையின்முன் மறுபடியும் இரண்டு வரிசையாகப் பிரித்து நிறுத்தியவரும் ஒரு மிஷனெரிதான். ஹெரிக்கைத் தீய நோக்கமுடையவர் என்று நாம் கூறவில்லை. அவர் காலத்து அறிவியல் கேட்ட வினாவையே அவரும் கேட்டார்: எந்தக் குலத்துக்கு அறிவு மிகுதி?

இந்த வினாவையே மாற்றி அமைத்த இந்தியர் ஒருவரின் வாழ்வும் பணியுமே இக்கட்டுரையின் பொருள். அவர் ஜகந்நாத பிரசாத் தாஸ். 1931ஆம் ஆண்டில் ஒரிசாவின் பூரி நகரில் பிறந்தவர். (இதே பெயர்கொண்ட ஒடியக் கவிஞர் ஒருவரும் உண்டு, 1936இல் பிறந்த அவர் இந்திய ஆட்சிப்பணியில் இருந்தவர். நூலகப் பட்டியல்களில் இருவரையும் மயங்கவைத்துக்கொள்வோர் பலராதலின் இதனைக் குறிப்பிடுகின்றோம்.)

தாஸின் பணியை விளங்கிக்கொள்ள, அவருக்கு முன்னிருந்த நிலையைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். 1905ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ஆல்பிரெட் பினே, சிமோன் என்பாரோடு சேர்ந்து முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினார். பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கவனம் அளிப்பதே அதன் நோக்கம். அறிவு பிறவியிலேயே அளந்து கொடுக்கப்பட்டது, அதனைக் கூட்டவே இயலாது என்னும் கருத்தைப் பினே 1909இல் கடுமையாக மறுத்தெழுதினார். ஆனால் அவருடைய சோதனை கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது அவருடைய எச்சரிக்கை உடன் செல்லவில்லை. இங்கிலாந்தில் ஸ்பியர்மன் 1904இலேயே எல்லா அறிவுத்திறன்களுக்கும் அடிப்படையாக ஒரே பொதுத்திறன் உண்டு என்று வாதிட்டிருந்தார். அமெரிக்கச் சோதனையும் ஆங்கிலக் கோட்பாடும் கைகோத்தன. ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரே எண்ணை எழுதலாம் என்னும் எண்ணம் வேரூன்றியது. அந்த எண்ணுக்கு நுண்ணறிவு ஈவு என்று பெயர்.

இந்தியாவிலும் அதனைப் புகுத்தியவருள் மிஷன் கல்லூரியினர் முன்னின்றனர். லாகூர் பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியின் சி. ஹெர்பர்ட் ரைஸ் பினேயின் சோதனையை இந்துஸ்தானியில் அமைத்து 1929இல் நூலாக வெளியிட்டார். தார்வாரில் வி. வி. காமத் கன்னடத்திலும் மராத்தியிலும் அமைத்தார். அலகாபாத்தில் சி. எம். பாட்டியா, எழுத்தறியாச் சிறுவரையும் சோதிக்கத்தக்க செயற்சோதனைத் தொகுதி ஒன்றை உருவாக்கி 1955இல் வெளியிட்டபோது, எழுத்தறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் தனித்தனி அளவுகளைக் கொடுத்தார். இதனை ஒரு முன்னேற்றம் என்றே கருதவேண்டும். படித்தவன் பலகையைப் பார்ப்பதும் படியாதவன் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொண்ட அளவில் அது நேர்மையான செயல். எனினும் அளக்கப்படும் பொருள் ஒன்றே என்னும் நம்பிக்கை அப்படியே இருந்தது.

பூரி நகரம் காஞ்சிக்கு அந்நியமன்று. பதினைந்தாம் நூற்றாண்டு கஜபதி மன்னர் புருஷோத்தம தேவர் காஞ்சி மன்னன் மகளை மணக்க விரும்பினார். தேர்த்திருவிழாவில் அவர் துடைப்பம் ஏந்தித் தேரைப் பெருக்கும் வழக்கத்தைக் கேள்வியுற்ற காஞ்சி மன்னன், பெருக்குகிறவனுக்குப் பெண் கொடேன் என்று மறுத்தான். அதனால் போர் மூண்டது என்று ஒரு கதையைப் பூரியில் இன்றும் சொல்வர். கதை எவ்வளவு உண்மை என்பது வேறு. கையால் செய்யும் தொழிலைக்கொண்டு மனிதனின் தரத்தை மதிப்பிடுவது எத்துணைப் பழைய நோய் என்பதற்கு அது சான்று.

தாஸ் உத்கல் பல்கலைக்கழகத்திலும், பின்பு பாட்னா பல்கலைக்கழகத்தில் உளவியலிலும் பட்டம் பெற்று இலண்டன் சென்றார். அங்கே மனநோய் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஹான்ஸ் ஐசென்க்கின்கீழ் ஆராய்ந்து 1957இல் முனைவரானார். அப்போது அவர் ஆராய்ந்த பொருள் நுண்ணறிவன்று. அறிதுயிலும் பழக்கப்படுத்தலும் பற்றியது. அந்த ஆய்வுக்கூடத்தில் அதே காலத்தில், 1956 முதல் 1958 வரை, ஆர்தர் ஜென்சன் என்னும் அமெரிக்கரும் இருந்தார் என்பது கருத்தூன்றத்தக்கது. ஒரே ஆசிரியரின் நிழலில் இருந்த இவ்விருவரும் பிற்காலத்தில் எதிரெதிர்த் திசைகளில் நடந்தனர்.

ஜென்சன் 1969இல் ஹார்வர்டு கல்வி ஏட்டில் எழுதிய நீண்ட கட்டுரை அமெரிக்காவையே கலக்கியது. நுண்ணறிவு வேறுபாட்டின் பெரும்பகுதி பிறப்புவழி வருவது. ஏழைப் பிள்ளைகளுக்காக அரசு நடத்தும் ஈடுசெய் கல்வித் திட்டங்கள் தோல்வியுற்றதில் வியப்பில்லை. கறுப்பர், வெள்ளையர் இடையே காணப்படும் வேறுபாட்டுக்கும் பிறப்புவழிக் காரணம் இருக்கக்கூடும் என்பன அவர் வாதங்கள். ஆசிரியர் ஐசென்க் 1971இல் இனமும் நுண்ணறிவும் பற்றித் தனி நூலே எழுதி அவர் பக்கம் நின்றார்.

ஜென்சனின் கொள்கையில் போதகரும் ஆசிரியரும் குறிப்பாகக் கவனிக்கவேண்டிய ஒரு கூறு உண்டு. அறிவுத்திறனை அவர் இரு படிகளாகப் பிரித்தார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் நினைவாற்றல் கீழ்ப்படி. பொருளை ஆய்ந்து, மாற்றியமைத்துச் சிந்திக்கும் ஆற்றல் மேற்படி. கீழ்ப்படித் திறன் எல்லா வகுப்பினரிடமும் ஏறக்குறையச் சமமாக இருக்கின்றது. மேற்படித் திறன் வசதிபடைத்தோரிடமே மிகுதி. ஆகவே எளிய பிள்ளைகளுக்கு மனப்பாட முறையில் கற்பிப்பதே பயன் தரும் என்னும் முடிவுக்கு அது இட்டுச் சென்றது. இதனைப் படிக்கையில் நமக்குச் சிறிது நெஞ்சு குறுகுறுக்கின்றது. நம் கிராமச் சபைகளில் வினாவிடை முழுவதையும் மனப்பாடமாக ஒப்புவித்தால் போதும் என்று நிறுத்திக்கொண்டு, விளக்கத்தைப் பட்டணத்துப் பிள்ளைகளுக்கென ஒதுக்கிவைத்த காலம் இருந்ததல்லவா? ஜென்சனைப் படிக்காமலே நம்மில் பலர் ஜென்சனின் சீடராயிருந்தோம்.

தாஸ் இலண்டனிலிருந்து திரும்பி உத்கல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் பீபாடி கல்லூரியில் வருகைதரு பேராசிரியராக இருந்தார். அப்பதவி அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றிய ஆய்வோடு அவரைப் பிணைத்தது. அப்பத்தாண்டின் இறுதியில் கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அத்தகைய குழந்தைகளுக்கான ஆய்வு மையத்தை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடத்தினார். பின்னாளில் அம்மையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. கனடாவின் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. ஆர்டர் ஆஃப் கனடா என்னும் உயர்விருதும் கிடைத்தது.

கனடா சென்றும் ஒரிசாவை அவர் மறக்கவில்லை. பிராமணக் குழந்தைகளையும், அந்நாளில் ஹரிஜன் எனப்பட்ட குழந்தைகளையும் அவரும் உடனாய்வாளரும் சோதித்தனர். மேற்போக்காகப் பார்ப்பவர்க்கு இது ஹெரிக்கின் மரப்பலகையே மீண்டும் வந்ததுபோல் தோன்றும். வேறுபாடு ஆய்வின் அமைப்பில் உள்ளது. பிராமணருள்ளும் செல்வர், வறியர் என இரு பிரிவு. ஹரிஜனருள்ளும் அவ்வாறே இரு பிரிவு. சாதி வேறு, வறுமை வேறு; இரண்டையும் கலந்துவைத்துவிட்டு, வரும் வேறுபாட்டைக் குலத்தின்மேல் ஏற்றுவது பிழை என்னும் எண்ணம் இவ்வமைப்பிலேயே அடங்கியிருக்கின்றது. எழுத்தறிவித்த பிள்ளைகளையும் பள்ளிக்கே செல்லாத பிள்ளைகளையும் ஒரிசாவில் ஒப்பிட்ட மற்றோர் ஆய்வை யு. என். தாஷ் என்பாரோடு சேர்ந்து 1984இல் அவர் வெளியிட்டார். பிள்ளையிடம் இல்லாதது அறிவா, பள்ளியா என்பதே அங்கும் வினா.

தம் கொள்கைக்கான அடித்தளத்தை ஐசென்க்கிடமன்று, உருசிய அறிஞர் அலெக்சாந்தர் லூரியாவிடம் தாஸ் கண்டார். இரண்டாம் உலகப்போரில் மூளையில் காயம்பட்ட வீரர்களை லூரியா ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். மூளையின் ஒரு பகுதி சிதைந்தவனுக்குச் சொற்களின் வரிசை பிறழ்கின்றது. ஆனால் படத்தைப் புரிந்துகொள்கின்றான். மற்றொரு பகுதி சிதைந்தவன் சொற்களை வரிசையாகச் சொல்கின்றான். ஆனால் இடமும் வலமும், மேலும் கீழும் அவனுக்குக் குழம்புகின்றன. நெற்றிப்புறப் பகுதி சிதைந்தவனோ இரண்டையும் செய்கின்றான். எதை எப்பொழுது செய்வது என்று தீர்மானிக்க முடிவதில்லை. ஒரே பொதுத்திறன் என்பது உண்மையாயின் இப்படித் தனித்தனியே குறைபடுவது எவ்வாறு? (லூரியா தாஸ் பிறந்த அதே 1931இல் உஸ்பெக் நாட்டுப்புற மக்களிடம் சென்று ஆராய்ந்தவரும் ஆவார். வடதுருவத்துக் கரடிகள் யாவும் வெண்ணிறம். இன்ன ஊர் வடதுருவத்தில் உள்ளது. அங்குள்ள கரடியின் நிறம் யாது என்று கேட்டபோது, நாம் அங்குப் போனதில்லை, போனவரைக் கேளுங்கள் என்னும் பொருள்பட அவர்கள் விடையளித்தனர். அவ்விடையை மடமை என்பதா, கண்டதையன்றிப் பேசாத நேர்மை என்பதா?)

1975இல் கிர்பி, ஜார்மன் என்பாரோடு தாஸ் எழுதிய கட்டுரையும், 1979இல் மூவரும் வெளியிட்ட நூலும் இரு செயல்முறைகளை நிலைநாட்டின. ஒன்று ஒருங்குநிலை: பல கூறுகளை ஒரே காட்சியாகச் சேர்த்துக் காண்பது. மற்றொன்று தொடர்நிலை: ஒன்றன்பின் ஒன்றாக வருவதை அவ்வரிசை மாறாமல் பற்றிக்கொள்வது. இவற்றோடு கவனத்தையும் திட்டமிடலையும் சேர்த்து நான்காக்கி, 1994இல் நாக்லியரி, கிர்பி ஆகியோருடன் எழுதிய நூலில் முழுக் கொள்கையாக வெளியிட்டார். நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி அதனைப் பாஸ் கொள்கை என்பர். 1997இல் தாஸும் நாக்லியரியும் அதன்படி அமைத்த சோதனைத் தொகுதி வெளிவந்தது.

இதனை விளக்கக் காஞ்சியைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. இவ்வெடுத்துக்காட்டுகள் நம்முடையவை, தாஸினுடையவை அல்ல. வரதராசர் கோயில் புறப்பாட்டில் வேதம் ஓதுவோர் பின்வருவதை இவ்வூரார் அனைவரும் கண்டிருப்பர். அவர்கள் பயிலும் கனபாடத்தில் முதற்சொல் இரண்டாஞ்சொல், பின்பு இரண்டு ஒன்று, பின்பு ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, மறுபடி ஒன்று இரண்டு மூன்று என்று சொற்கள் முன்னும் பின்னுமாய் மடங்கி வரும். ஒரு சொல்லும் இடம் பெயரலாகாது. தொடர்நிலைச் செயல்முறையின் உச்சம் அது. கோயிலிலிருந்து சிறிது தொலைவு நடந்து நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தால், குழித்தறியில் கோர்வைப் புடவை நெய்கின்றவரைக் காணலாம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தனித்தனி நாடாக்கள் குறுக்கே ஓட, இரு நிற ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கோக்கப்படவேண்டும். முந்தியில் வரப்போகும் உருவம் இன்னும் துணியில் இல்லை. நெய்வார் கண்ணில் இருக்கின்றது. அது ஒருங்குநிலை. மிதியை மிதிக்கும் வரிசையில் தொடர்நிலையும், கொடுத்த ஜரிகைக்குள் புடவையை முடிப்பதில் திட்டமிடலும் அங்கேயே உள. ஓதுபவர் தறியில் அமர்ந்தால் அறிவிலியாவார். நெய்பவர் கோஷ்டியில் நின்றால் அறிவிலியாவார். இருவரையும் ஒரே கோலால் அளந்து வரிசைப்படுத்திய சமுதாயத்துக்கு மட்டும் அறிவு உண்டு என்று சொல்லலாமோ?

ஒருங்குநிலை மேற்படி, தொடர்நிலை கீழ்ப்படி என்பதைத் தாஸ் ஏற்கவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று இணையானவை. எந்த வேலைக்கும் இரண்டும் வேண்டும். எதனை மிகுதியாகக் கையாள்வது என்பது வேலையையும், பழக்கத்தையும், வளர்ந்த சூழலையும் பொறுத்தது. ஜென்சனின் ஏணியைத் தாஸ் இவ்வாறு தரையில் கிடத்தினார்.

கோர்வைத் தறியைப்பற்றிப் பேசும்போது அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடலாகாது. மறுகரைக்கு நாடா தள்ளும் இடத்தில் பல காலம் அமர்ந்திருந்தவர் சிறுவரும் சிறுமியருமே. முன்பணம் வாங்கிய பெற்றோரின் கடனுக்காகப் பள்ளி வயதிலேயே தறியில் அமர்த்தப்பட்டவர் பலர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபின்னும் அவ்வழக்கம் உடனே ஒழியவில்லை. பின்பு சிறப்புப் பள்ளிகள் திறக்கப்பட்டு அப்பிள்ளைகள் புத்தகத்தின்முன் அமர்ந்தபோது, எழுத்துக்கூட்டத் திணறினர். மந்தம் என்று ஆசிரியர் சிலர் எழுதிவைத்தனர். நூறு நூறாய் இழைகளைக் கண்ணால் பிரித்தறிந்த பிள்ளைக்கு மந்தம் என்று பெயர்! நம் திடப்படுத்தல் வகுப்பிலும் அத்தகையோர் வந்தனர். வசனத்தைச் சொல்லச் சொன்னால் பாதியில் நின்றுவிடுவர். உவமையைக் கதையாகச் சொல்லச் சொன்னால் கேட்டவர் மறவாதபடி சொல்வர்.

தாஸுக்கு மறுப்பாளரும் உண்டு. கிரான்ஸ்லரும் கீத்தும் 1999இல் அவர் சோதனையின் புள்ளிவிவரங்களைத் தாமே பகுத்தாய்ந்து, கவனமும் திட்டமிடலும் தனித்தனியாகப் பிரியவில்லை என்றும், இச்சோதனையும் அடிப்படையில் பழைய பொதுத்திறனையே அளக்கின்றது என்றும் எழுதினர். நாக்லியரி மறுமொழி எழுதினார். இவ்வழக்கு இன்னும் முற்றாகத் தீரவில்லை. நம் கருத்தில், காரணிப் பகுப்பாய்வு ஒன்றே இதற்குத் தீர்ப்பளிக்க இயலாது. ஏனெனில் நான்கு என்று எதிர்பார்ப்பவர்க்கு நான்கும், ஒன்று என்று எதிர்பார்ப்பவர்க்கு ஒன்றும் அதில் தென்படுவது உண்டு. கறுப்பர், வெள்ளையர் குழந்தைகளுக்கிடையே பழைய சோதனைகளில் காணப்பட்ட வேறுபாடு இச்சோதனையில் கணிசமாகக் குறைந்தது என்னும் ஆய்வு முடிவு 2005இல் வெளிவந்தது. அது நமக்கு அதிக எடையுள்ள சான்றாகத் தோன்றுகின்றது. குலத்தின் இயல்பு என்று எண்ணப்பட்டதில் ஒரு பகுதியேனும் கோலின் இயல்பே என்று அது காட்டுகின்றதல்லவா?

ஆனால் தாஸின் பணியில் நாம் மிகுதியாக மதிப்பது சோதனையையன்று, சோதனைக்குப் பின் வருவதை. நுண்ணறிவு ஈவு எழுபது என்று ஓர் ஆசிரியரிடம் சொன்னால் அவர் என்ன செய்யக்கூடும்? பிள்ளையைப் பின்பெஞ்சுக்கு அனுப்பலாம், வேறொன்றும் செய்வதற்கில்லை. இப்பிள்ளைக்கு ஒலிகளை வரிசையாகப் பற்றிக்கொள்வதில் இடர்ப்பாடு என்று சொன்னாலோ, செய்வதற்கு வேலை இருக்கின்றது. எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைகள் பலரிடம் தொடர்நிலைச் செயல்முறையே நலிந்திருப்பதைக் கண்ட தாஸ், அதற்கென ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தார். தொடக்கத்தில் அதில் எழுத்தே கிடையாது. வடிவங்களையும் படங்களையும் வரிசைப்படுத்துதல், சேர்த்தல், ஒப்பிடுதல் முதலிய விளையாட்டுகள். பிள்ளை தானே ஒரு வழியைக் கண்டுபிடித்து, அதனைத் தன் வாயால் சொல்லுமாறு ஆசிரியர் தூண்டவேண்டும். விதியை அவர் சொல்லிக்கொடுத்தல் கூடாது. அவ்வழி கைவந்தபின் அதே வேலையை எழுத்துகளோடும் சொற்களோடும் செய்வர்.

இத்திட்டத்தைக் கனடாவின் பூர்வகுடிப் பிள்ளைகளிடம் கையாண்ட ஆய்வு 2007இல் வெளிவந்தது. அப்பிள்ளைகளின் முன்னோரைத் தாய்மொழி பேசக்கூடாதென்று அடித்து வளர்த்த உறைவிடப் பள்ளிகளை அந்நாட்டில் நடத்தியவை பெரும்பாலும் திருச்சபைகளே என்பது நம் வாசகர் அறிந்தது. 2009இல், ஆசிரியர்களுக்கென்றே வாசிப்பு இடர்ப்பாட்டைப்பற்றி எளிய நூல் ஒன்றைத் தாஸ் இந்தியப் பதிப்பகத்தின் வழி வெளியிட்டார். எண்பதை நெருங்கிய வயதில் அவர் எழுதிய அந்நூல் நம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளின் நூலகங்களில் காணப்படவில்லை. திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் இளம்போதகர் அதனை வாங்கி, பயிற்சிகளைப் பற்றிய பகுதிகளை முதலில் படித்தல் போதும்; கொள்கை விளக்கத்தைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்.